அவரைப் புழுக்கும் பாணர் பந்தியும்

 

பத்தாம் ஆண்டு விழாவில் விருந்தோம்பல் பற்றிப் பேசவேண்டும் என்று செயலர் பணித்தார். விருந்தோம்பல் என்றதும் வள்ளுவரில் தொடங்கிக் கடையெழு வள்ளல்கள்வரை சென்று மீளும் பாதை ஒன்று நம்மிடையே நன்கு மிதிபட்டுக் கிடக்கிறது. அப்பாதையில் நான் இன்று செல்லவில்லை. காய்ந்த பயற்றைப் பலர்க்கு ஒருங்கே வேகவைத்துப் படைப்பது என்னும் சிறு பொருளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். இலக்கிய மேடைக்கு இதுவா பொருள் என்று முன்வரிசையில் புன்னகைப்போர் சிலரைக் காண்கிறேன். புன்னகை இருக்கட்டும். பத்துப்பாட்டுள் நம் மண்ணுக்கு உரிய பாட்டு ஒன்று உண்டு. அப்பாட்டுள் வேகவைத்த அவரை உண்டு. அந்த அவரையை உவமைக்காகவே இதுவரை படித்திருக்கிறோம், உணவாகப் படித்ததில்லை.

நான் குறிப்பது பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன்மேல் பாடிய 500 அடிப் பாட்டு. உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை அச்சிட்டு வெளிப்படுத்திய பின் தமிழாசிரியர் பலரும் பாடம் சொல்லிவரும் பாட்டு. பரிசு பெற்று மீளும் பாணன், வறுமையோடு வரும் மற்றொரு பாணனை அரசனிடம் வழிப்படுத்துகிறான். அவ்வழி தொண்டை நாட்டின் ஊடாகச் செல்கிறது. முடிவு காஞ்சி. இடையில் நீர்ப்பெயற்று என்னும் கடற்கரைப் பட்டினம் வருகிறது. மரக்கலங்களுக்கு வழிகாட்டும் விளக்கொளி அங்கே காட்டப்படுகிறது. அப்பட்டினத்தை மாமல்லபுரம் என்றோ அதனை அடுத்த கடற்கரை ஊர் என்றோ கொள்வோர் உளர். எவ்வாறு கொள்ளினும் அது நம் கரை.

வழி நெடுக உணவு கிடைக்கும் என்று பாணன் உறுதி கூறுகிறான். எயினர் குடியிருப்பில் புல்லரிசிச் சோறும் உப்புக்கண்டமும். ஆயர் குடியில் பாலும் தினைச்சோறும். மருத நிலத்தில் வெண்ணெல்லரிசிச் சோறும் கோழியும். வலையர் குடியில் கள்ளும் சுட்ட மீனும். அந்தணர் உறையுளில் கறிவேப்பிலையும் வெண்ணெயும் மாதுளங்காயும் மாவடு ஊறுகாயும். இவற்றுக்கு நடுவே, முல்லை நிலத்துச் சீறூரில், வரகுச் சோற்றின்மேல் அவரைப் புழுக்கு. புலவர் வரகுச் சோற்றுக்குப் பூளைப் பூவையும் அவரைக்கு வேங்கைப் பூவையும் ஒப்பாகக் காட்டுகிறார். வகுப்பறையில் இவ்விடம் வந்ததும் 'பூளை வெண்மை, வேங்கை மஞ்சள், நிற ஒப்புமை' என்று எழுதிவைத்துவிட்டு அடுத்த அடிக்குச் சென்றுவிடுகிறோம். தேர்வில் கேட்கப்படுவதும் அவ்வளவே.

அங்கே சற்று நிற்கவேண்டும் என்பேன். காய்ந்த அவரை விதையைத் தோலோடு வேகவைத்துப் பாருங்கள். கறுப்பு, பழுப்பு, மங்கிய வெள்ளை என்று வகைக்கேற்ப நிறம் மாறும். வேங்கைப் பூவின் மஞ்சள் வராது. தோல் நீக்கி இரண்டாக உடைத்த பருப்பே வெந்தபின் மெல்லிய மஞ்சள் பூக்கும். நீங்காது ஒட்டிய தோல் துணுக்குகள் அதன்மேல் புள்ளி புள்ளியாய் நிற்கும். வேங்கை மலரிலும் மஞ்சளோடு புள்ளி உண்டு என்பதைப் புலவர் மறக்கவில்லை. ஆகவே பாணர்க்குக் கிடைத்தது முழு அவரை அன்று, உடைத்த அவரைப் பருப்பு என்று கொள்ள இடமிருக்கிறது. முழு விதைக்கும் உடைத்த பருப்புக்கும் இடையே ஓர் இரவு இருக்கிறது. அந்த ஓர் இரவைப் பற்றியதே என் பேச்சு.

அதற்குமுன் சொற்களைப் பார்த்துவிடுவோம். தமிழாசிரியைக்கு அந்தச் சலுகை உண்டு. புழுக்கு என்பது புழுங்கு என்னும் வினையின் பிறவினை வழி வந்த பெயர். நீரும் வெம்மையும் சேர்ந்து உள்ளிருந்து இளகச் செய்வது புழுக்குதல். புழுங்கலரிசியில் அவ்வேர் இன்றும் நம் வீட்டில் இருக்கிறது. ஆனி மாதப் பிற்பகலில் நாம் படும் புழுக்கமும் அதுவே. சங்க நூல்களில் ஊன் வேகவைத்ததும் புழுக்கு எனப்படும். தமிழ்நாட்டில் சமையற் பெயராக அச்சொல் பெரும்பாலும் வழக்கு ஒழிந்தது. மலையாளத்தார் மட்டும் கஞ்சிக்குத் துணையாகப் புழுக்கு வைத்து உண்கிறார்கள். நமக்கு எஞ்சியது சுண்டல். அதுவும் வினைப் பெயரே. வெந்த நீர் வடிக்கப்படாமல், பயற்றிலேயே சுண்டி இறங்க வேண்டும் என்னும் செய்முறை அப்பெயருக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. நீரைக் கொட்டிவிட்டுத் தாளித்தால் அதனைச் சுண்டல் என்று அழைக்கும் உரிமை நமக்கு இல்லை. இது இலக்கணம் மட்டும் அன்று. நீரோடு போவது சுவையும் சத்தும்.

அவரை, மொச்சை என்று நாம் இரண்டாகப் பிரித்து வழங்குவனவற்றைத் தாவரவியலார் ஓரினமாகவே கொள்வர். புறநானூற்று 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார் வரகு, தினை, கொள், அவரை என்னும் நான்கையே உணவென்று எண்ணுகிறார். நான்கில் இரண்டு பயறு என்பது நோக்கத்தக்கது. 215ஆம் பாட்டில், பிசிராந்தையாரின் நாட்டை நினைக்கும் கோப்பெருஞ்சோழன், அவரை கொய்வோர் வயிறார உண்ணும் புளிங்கூழைச் சொல்கிறான். அதனை அட்டவள் ஓர் ஆய்மகள். சங்கப் பாட்டில் பயறு எளிய குடியின் உணவு. பலர் கூடி உண்ணும் உணவு. அரண்மனை விருந்தைப் பாடும்போது புலவர் ஊனையும் நெல்லையும் கள்ளையும் விரித்துப் பாடுவர். பயறு அங்கே ஒளி பெறுவதில்லை.

இனி அந்த ஓர் இரவு.

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் ஊருக்குள் வந்தது. அடுத்த நாள்களில் மாமல்லபுரத்தை ஒட்டிய கடற்கரைப் பகுதியில், திருமண மண்டபம் ஒன்றில் மீனவக் குடும்பங்களுக்குச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஆய்வு மாணவியாக இருந்த நான் தோழியரோடு உதவிக்குச் சென்றேன். யாரோ மூட்டை மூட்டையாகக் கொண்டைக்கடலை அனுப்பியிருந்தார்கள். படித்த பெண்களாகிய எங்களுக்கு அது பெரும் பேறாகத் தோன்றியது. அடுப்பிற்குப் பொறுப்பாக இருந்த முதியவள் ஒருத்தி, நாங்கள் 'ஆயா' என்று அழைத்தவள், மூட்டையைத் திறந்து கூடப் பார்க்கவில்லை. "முழுப் பயிறு நாளைக்கும்மா. பருப்புதான் இன்னிக்கு" என்று சொல்லிவிட்டுத் துவரம்பருப்பைக் களையத் தொடங்கினாள். பசித்து அமர்ந்திருந்தோர் நானூறு பேர் இருக்கலாம். கொண்டைக்கடலை அன்று மாலை ஊறப்போடப்பட்டு மறுநாள் காலை வெந்தது.

பல நூல்கள் புரட்டியும் எனக்குக் கிட்டாத உரை அந்த ஒரு வாக்கியத்தில் கிட்டியது. முன்னறிவிப்பு இன்றி வரும் கூட்டத்திற்கு முழுப் பயறு படைக்க இயலாது. ஆற்றுப்படைப் பாணன் முன்னறிவிப்போடு வருபவன் அல்லன். யாழும் விறலியரும் சிறாரும் பசியுமாக ஒரு கூட்டமே வாயிலில் வந்து நிற்கும். அந்நேரத்தில் சீறூரில் கைகொடுப்பது உடைத்து வைத்த அவரைப் பருப்பே. புலவர் வேங்கைப் பூவைத் தேர்ந்தபோது அழகை மட்டும் தேர்ந்தார் அல்லர். உலையில் என்ன இருந்திருக்கும் என்பதையும் அறிந்து தேர்ந்தார். அதற்கு முன்பே ஒருத்தி அவரையை ஊறவைத்து, உலர்த்தி, திரிகையில் உடைத்து, புடைத்துக் கலத்தில் இட்டு வைத்திருந்தால்தான் அப்பருப்பு அங்கு இருக்கும். யார் வருவார் என்று தெரியாத ஒருவருக்காகச் செய்த வேலை அது. நம் சிற்றூர்களில் துவரையைச் செம்மண் குழம்பில் பிரட்டிக் காயவைத்து உடைக்கும் வழக்கம் அண்மைக் காலம்வரை இருந்தது. தோல் எளிதில் கழலவும் வண்டு அண்டாதிருக்கவும் செய்யும் உத்தி என்பார்கள். நகர்க் கடையில் மெருகேற்றிய பருப்பை வாங்கும் நமக்கு அவ்வேலை கண்ணில் படுவதில்லை.

ஆயாவின் இரண்டாம் செயல் நீரைப் பற்றியது. மண்டபத்துக் கிணற்று நீரைக் கையில் ஏந்தி நாவில் வைத்துப் பார்த்து உமிழ்ந்துவிட்டாள். அது பாத்திரம் கழுவ மட்டும். சமையலுக்கு லாரியில் வந்த நீர். கடல் புகுந்த அந்நாள்களில் கரையோரக் கிணறுகள் பல உப்பேறிக் கிடந்தன. ஆயினும் சிக்கல் உப்புக் கரிப்பில் மட்டும் இல்லை. சுண்ணச் சத்தும் மக்னீசியமும் மிகுந்த கடின நீரில் பயறு எளிதில் வேகாது. பயற்றின் உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்னும் பசைப்பொருள் வெந்நீரில் கரைந்தால்தான் பயறு குழையும். கடின நீரில் உள்ள அவ்வுலோகங்கள் அப்பசையோடு பிணைந்து அதனை இறுக்கிவிடுகின்றன. மூன்று மணி நேரம் விறகைத் தின்றாலும் உள்ளே கல்லாகவே நிற்கும். பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி எடுத்த நீரில் பருப்பு மலர்ந்து வேகும் என்று செங்கற்பட்டுப் பக்கத்தில் மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வேதியியல் அறியாமல் சொன்னது. வேதியியலுக்கு மாறாகச் சொன்னது அன்று.

இக்கரையில் நல்ல நீர் என்றும் அரிது. கடற்கரை மணலடியில் மழைநீர் மெல்லிய படலமாய் உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கும். ஆழத் தோண்டினால் உப்பு. மேலாக அள்ளினால் நன்னீர். பாலாறு கடலொடு கலக்கும் இடத்திற்கு அருகே வாயலூரை ஒட்டிய வசவசமுத்திரத்தில் 1970இல் தமிழகத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது, உரோம நாட்டு மதுச்சாடிகளின் சிதைவுகளோடு உறைகிணறுகளும் கிடைத்தன. மதுச்சாடியைப் பற்றி நம்மவர் நிறைய எழுதிவிட்டனர். சுடுமண் உறைகளை அடுக்கி, நன்னீர்ப் படலத்தை அளவாக அள்ளிக்கொண்ட அக்கிணற்றைப் பற்றி ஒரு கவிதையேனும் நம் வட்டத்து இதழில் நான் கண்டதில்லை. கப்பல் வந்த கரையில் உலை கொதித்தது அக்கிணற்றின் நீரால்.

பெரும் பந்திக்குப் பயறு வைப்பதன் கணக்கைச் சற்றுச் சொல்லவேண்டும். கேட்போரில் கவிஞர் மிகுதி எனினும் உண்போர் அனைவரும் ஆவர். ஓர் ஆளுக்குச் சுண்டல் என்றால் காய்ந்த எடையில் 40 முதல் 50 கிராம். 200 பேருக்கு 8 முதல் 10 கிலோ. சாம்பாருக்குத் துவரம்பருப்பு ஆளுக்கு 25 முதல் 30 கிராம் போதும். 200 பேருக்கு 5 முதல் 6 கிலோ. காய்ந்த கடலை ஊறியதும் ஏறத்தாழ இரு மடங்கு எடையாகும். இதனை எண்ணாமல் சிறு பாத்திரத்தில் ஊறப்போட்டால் நள்ளிரவில் கடலை மேலெழுந்து விளிம்பைத் தாண்டும். நீருக்கு மேல் நின்றவை ஊறாமல் போகும். ஆகவே பயற்றின் அளவுக்கு மூன்று பங்கு நீர். சித்திரை, வைகாசி வெக்கையில் இரவு முழுதும் ஒரே நீரில் கிடந்தால் நுரைத்துப் புளித்துவிடும். இடையில் ஒருமுறை எழுந்து நீர் மாற்றவேண்டும். 'இடையில் ஒருமுறை எழுந்து' என்னும் சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் அதற்கு வருவேன்.

அடுப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. பத்து கிலோவையும் ஒரே அண்டாவில் கொட்டுவது அறியாதார் செயல். அடியில் கிடப்பவை நசுங்கிக் கரியும். மேலே நிற்பவை வேகா. இரண்டு அண்டாவாகப் பிரிப்பதே முறை. நம் கரையோரத்தில் சவுக்குத் தோப்புகள் மிகுதி. சவுக்கு விறகு நின்று எரியும். கோட்டை அடுப்பில் முதலில் கனன்று எரியவிட்டு, நன்றாகக் கொதி வந்தபின் விறகை வெளியே இழுத்துத் தணலில் நிறுத்துவார்கள். முதற் கொதி பொங்கிக் கொதிக்கவேண்டும் என்பதில் அறிவு இருக்கிறது. பச்சைப் பயற்றுக்குள் இயல்பாக நஞ்சு போன்ற புரதங்கள் உண்டு. இராஜ்மாவில் அவை மிகுதி, மொச்சையிலும் உண்டு. ஊறிய நீரைக் கொட்டிப் புதுநீரில் குறைந்தது பத்து நிமிடமேனும் தளதளவெனக் கொதித்தால்தான் அவை அழியும். மெல்லிய சூட்டில் நெடுநேரம் வைத்திருந்தால் அழியாது. அரைவேக்காட்டுப் பயற்றால் ஒரு பந்தியே வாந்தி எடுக்க நேரும்.

உப்பையும் புளியையும் பற்றி நம் வீடுகளில் ஒரு விதி உண்டு: இரண்டையும் வெந்தபின் போடு. புளியைப் பொறுத்தவரை அவ்விதி முற்றிலும் சரி. புளிப்பு, பயற்றின் பசை கரைவதைத் தடுக்கும். சாம்பார் வைக்கப் பருப்பை ஒரு பாத்திரத்திலும் புளிக்கரைசலைக் காய்கறியோடு வேறு பாத்திரத்திலும் கொதிக்கவைத்துப் பின்னர் சேர்ப்பது எதற்கென்று எந்தச் சமையல் நூலும் விளக்குவதில்லை. அதன் காரணம் இதுதான். உப்பைப் பொறுத்தவரை விதி அவ்வளவு உறுதியானது அன்று. ஊறும் நீரில் சிறிது சோற்றுப்பு இட்டால் தோல் மென்மையாகிறது என்று இன்றைய ஆய்வுகள் காட்டுகின்றன. சோடியம் சென்று சுண்ணச் சத்தை இடம்பெயர்க்கிறது. மரபு சொன்னது எல்லாம் சரி என்று மேடையில் முழங்குவது எளிது. உலை அதை ஒப்புவதில்லை. ஆப்பச் சோடாவோ விரைவாகக் குழையச் செய்யும். ஆனால் பயற்றின் தயமின் சத்தை அழித்துவிடும். ஏழைக்குப் பயறு கொடுப்பதே சத்துக்காக என்றால் அங்கே சோடாவுக்கு வேலை இல்லை. பழைய சரக்கு வேறு ஒரு தொல்லை. ஈரமும் வெக்கையும் உள்ள கடற்கரைக் கிடங்கில் ஓராண்டு கிடந்த பயறு எந்த நீரிலும் சரியாக வேகாது. தேங்காய் சேர்த்த சுண்டல் மதியத்திற்கு மேல் ஊசிப்போகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இவ்வளவு தொல்லையும் இல்லாத ஒரு பாத்திரத்தைத் தமிழ் கற்பனை செய்திருக்கிறது. மணிமேகலையின் அமுதசுரபி. ஊறவைக்க வேண்டாம், விறகு வேண்டாம், நீர் வேண்டாம், எடுக்க எடுக்கக் குறையாது. காஞ்சி மாநகர் பஞ்சத்தில் வாடியபோது மணிமேகலை அதனை ஏந்தி அங்கே வந்தாள் என்கிறது காப்பியம். நம் மாவட்டத்துக்கு எல்லையில் நடந்த கதை. அக்காப்பியத்தைச் செய்த சாத்தனார் கூலவாணிகர் என்பதை நினைக்க எனக்கு ஒரு மகிழ்ச்சி. பதினெண் கூலத்தையும் படியால் அளந்து விற்றவர். ஓர் ஊருக்கு ஒருவேளை உணவிட எத்தனை மூட்டை வேண்டும் என்பது அவருக்கு மனக்கணக்கு. அளந்து அளந்து அலுத்த கை ஒன்றே அளக்கவே வேண்டாத பாத்திரத்தைக் கனவு காணும்.

கனவு இல்லாத பஞ்சமும் இம்மண்ணில் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சத்தில், நிவாரணப் பணியிடங்களில் உழைத்தோர்க்கு எவ்வளவு தானியம் என்பது பெரும் வழக்காயிற்று. சர் ரிச்சர்டு டெம்பிள் விதித்த கூலி, ஆடவர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் ஓர் அணாவும். பெண்டிர்க்கும் உழைக்கும் சிறுவர்க்கும் அதனினும் சற்றுக் குறைவு. பருப்பு இல்லை. மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ் அதனை எதிர்த்தார். தானியம் ஒன்றரைப் பவுண்டாவது வேண்டும், அதனோடு காயும் பருப்பும் வேண்டும், மண் சுமப்பவன் வெறும் சோற்றில் உயிர் தாங்கமாட்டான் என்பது அவர் வாதம். 1877 மார்ச்சில் மாகாண அரசு பாதிவழி இறங்கிவந்தது: ஒன்றேகால் பவுண்டு தானியம், ஒன்றரை அவுன்சு பருப்பு. இன்றைய கணக்கில் 43 கிராம்.

43 கிராம் என்பது சற்றுமுன் நான் சொன்ன, ஓர் ஆளுக்கான சுண்டல் அளவு. மாமல்லபுரம் கடற்கரையில் தேங்காய், மாங்காய், பட்டாணிச் சுண்டல் என்று கூவி விற்கும் சிறுவனிடம் நாம் வாங்கிக் கொறித்துவிட்டு நடந்துபோகும் அளவு. அதற்காகத்தான் கோப்பு எழுதப்பட்டது. அது வருமுன் எண்ணற்றோர் மடிந்தனர். மாமல்லபுரத்திற்கு மேற்கே அமைதியாகக் கிடக்கும் பக்கிங்காம் கால்வாயைப் பாருங்கள். அதே கால்வாயின் சென்னைப் பகுதி, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு, அப்பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பஞ்சம் முடிந்ததும் ஆளுநர் பெயர் கால்வாய்க்குச் சூட்டப்பட்டது. வெட்டியவர் பெயர் எதிலும் இல்லை. அவர்களுக்கு உலை வைத்தவர் பெயரைத் தேடுவது வீண் வேலை.

சுதந்திர நாட்டில் நிலை மாறியது உண்மை. 1950களின் பிற்பகுதியில் காமராசர் காலத்து மதிய உணவும், 1982 சூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும் பள்ளிதோறும் ஓர் உலையை ஏற்றிவைத்தன. பின்னாளில் அவித்த பயறும் கொண்டைக்கடலையும் அந்தத் தட்டுக்கு வந்து சேர்ந்தன. நாள்தோறும் இத்தனை இலட்சம் குழந்தைகளுக்குப் பருப்பு வேகவைத்த கூட்டத்தார் உலகில் மிகச் சிலரே. அவ்வடுப்படியில் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். முதல் நாள் மாலையே கடலையை ஊறப்போட்டுவிட்டு வீடு திரும்புகிறவர்கள் அவர்கள். அவர்களைப் பற்றி நாவல் வரவேண்டும், ஆய்வேடுகளும் வரவேண்டும். நான் வழிகாட்டும் மாணவியர்க்கு இதனைச் சொல்லிவருகிறேன். 'சங்க இலக்கியத்தில் உணவு' என்னும் தலைப்பே போதும், பாதுகாப்பானது என்கிறார்கள். பாதுகாப்பானதுதான், இருநூறு ஆண்டுக்கு அந்தத் தலைப்பு தாங்கும்.

மீண்டும் முல்லைச் சீறூருக்கு வருகிறேன். ஆற்றுப்படையில் அரசனுக்குப் பெயர் உண்டு, ஊருக்குப் பெயர் உண்டு, பட்டினத்துக்குப் பெயர் உண்டு. வரகும் அவரையும் அட்டவளுக்குப் பெயர் இல்லை. அது அக்காலத்து மரபு என்று விடையளிக்கலாம். மாமல்லபுரத்துக் கோவர்த்தன மலைச் சிற்பத்தில் பல்லவச் சிற்பி பால் கறக்கும் ஆயனையும் கலம் சுமக்கும் ஆய்ச்சியையும் கல்லிலேயே நிறுத்திவிட்டான். அவர்களுக்கும் பெயர் இல்லை, ஆயினும் முகம் உண்டு. உருத்திரங்கண்ணனாரும் அவ்வளவு செய்திருக்கிறார் என்பேன். பரிசு தரப்போகும் திரையனைப் பாடுமுன், பரிசு எதுவும் தர இயலாத குடியின் உலைப்பானைக்குள் பார்த்து, அதன் நிறம் இன்னது என்று சொல்லிவிட்டுப் போகிறார். வேந்தன் விருந்து பாணனுக்குப் பின்னால் கிடைக்கப்போவது. அன்றைய பசிக்குக் கிடைத்தது அவரை.

நம் வட்டத்தின் பத்தாண்டு அழைப்பிதழ்களை இம்மலருக்காகத் தொகுத்த நண்பர் என்னிடம் காட்டினார். ஆண்டுவிழாக் கவியரங்கம் எப்போதும் முற்பகல் 11 மணிக்கு. உணவு 1 மணிக்கு. பத்தாண்டில் கவியரங்க மேடை ஏறிய நம் பெண் உறுப்பினரை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். இவர்கள் எழுதாதவர்கள் அல்லர். மாதக் கூட்டங்களில் இவர்கள் படித்த கவிதைகளை நீங்களே பாராட்டியிருக்கிறீர்கள். 11 மணிக்கு இவர்கள் எங்கே இருந்தார்கள் என்பதற்கு விடை எளிது: பின்கட்டில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. வெளியே சமையற்காரரை அமர்த்தப் பணம் இல்லாத தொடக்க ஆண்டுகளில் அன்போடு ஏற்றுக்கொண்ட வேலை, பணம் வந்தபின்னும் அப்படியே நின்றுவிட்டது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பீர்கள். கட்டாயப்படுத்தாததால்தான் எவரும் அதனைக் கேள்வி கேட்கவும் இல்லை.

இன்று நண்பகல் உணவில் மொச்சைக் குழம்பு இருக்கிறது. 150 பேருக்கு 6 கிலோ மொச்சை. நேற்றிரவு அதனை ஊறப்போட்டவர்கள் நால்வர். இரவு 2 மணிக்கு எழுந்து நீர் மாற்றியவர் ஒருவர். அழைப்பிதழில் வரவேற்புரையாளர் பெயர் இருக்கிறது, ஒலிபெருக்கி தந்தவர் பெயரும் இருக்கிறது. இந்நால்வர் பெயர் இல்லை. இந்நால்வரில் இருவர் இன்றைய கவியரங்கத்துக்குக் கவிதை எழுதி வந்திருக்கிறார்கள். தாள்கள் அவர்கள் கைப்பையில் இருக்கின்றன, நான் பார்த்தேன். மொச்சை வெந்துவிட்டது. புளி ஊற்றி இறக்கவேண்டியதுதான் பாக்கி. அதற்கு நானும், மனமிருந்தால் செயற்குழுவினர் இருவரும் போதும். ஆகவே அவைத் தலைவர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அவ்விருவரும் கை கழுவிக்கொண்டு முன்வரிசைக்கு வந்து அமரும்வரை கவியரங்கத்தைத் தொடங்கவேண்டாம். குழம்பு இறக்க நான் போகிறேன்.